மாடியில் மூன்று கோடு

எங்கள் வீட்டுக்கு நல்ல காற்று வரும், உப்பில்லாத தண்ணீர் வரும், செல்போன் சிக்னல் மட்டும் வராது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி, சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு வந்தால் கடைசி வீடு எங்களுடையது. கூடத்தில் நின்று போனை எடுத்தால் ஒரு கோடும் இருக்காது. மொட்டை மாடியில் ஒரு கோடு வரும், போகும். தண்ணீர் டேங்க் மேல் வைத்தால் மூன்று கோடு நிற்கும். இதைக் கண்டுபிடித்தவள் என் மகள் ஜாக்குலின். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி முழுக்க நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் டேங்க் மேல் கையை வைத்து, "நைனா, மூணு கோடு கீது" என்று கத்தினாள். அப்பா என்று கூப்பிட மாட்டாள், சின்ன வயதிலிருந்தே நைனாதான்.

என் பெயர் ஏசுதாஸ். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் தடத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் எரிந்து விழுந்த பயணிகள் உண்டு, நான் எரிந்து விழுந்ததாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இப்போதும் நிதானமாகவே சொல்கிறேன். என்ன செய்தேன் என்பதோடு ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. மாதா கோயில் சாமியாரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு வயது குறைவு, பிள்ளை பெற்றவரும் இல்லை.

ஏற்பாடு எளிமையானது. ஜாக்குலினிடம் லேப்டாப் இருக்கிறது, ஆனால் அவள் போன் பழசு, கொஞ்ச நேரம் ஓடினால் இட்லிப் பானை மாதிரி சூடாகி அணைந்துவிடும். அதனால் என் போன்தான். அதில் இரண்டு சிம். ஒன்று என் நம்பர், பேசுவதற்கு. இன்னொன்று நெட்டுக்கு என்றே அவள் வாங்கிப் போட்டது. ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, போனை மூடியில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவுக்கு ஈரத்துணி சுற்றி டேங்க் மேல் வைத்துவிடுவோம். நேர் கீழே அவள் அறை. லேப்டாப்பைத் திறந்தால் அதில் என் பெயர் வரும். அந்தப் பெயரைத் தொட்டால்தான் நெட் வரும். ஏசுதாஸைத் தொடாமல் அவளால் எந்த ஊருக்கும் போக முடியாது. இது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

போனைத் தனியாக விட முடியாது. காக்காய் கொத்தும், துணி காய்ந்தால் சூடேறும். ஆகவே அவள் பேசி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்புமாக உட்கார்ந்திருப்பேன். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஜோதிலட்சுமி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, ஜாக்கி குடுத்து வச்சவ. இந்தக் காலத்துல எந்த அப்பன் பொண்ணுக்காக வெயில்ல குடை புடிச்சிகினு குந்திகினு கீறான்?"

நான் சிரித்தேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

முதலில் மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேரி என் மனைவி. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் சாம், அடுத்தவள் ஜாக்குலின். சாம் கனடாவுக்குப் போகும்போது மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டே வருசம்மா, அப்பறம் உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிறேன்" என்றான். அந்த இரண்டு வருடம் முடியவே இல்லை. இடையில் அவனுக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, வீடு வாங்கினான். எல்லாவற்றையும் லேப்டாப்பில் காட்டினான். மேரிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது, அவளைத் தூக்கி உட்காரவைத்து, கழுவித் துடைத்து, ஊசி போட்டு, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் ஜாக்குலின். அவள் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒரு நோயாளியையும் பார்த்தாள்.

மேரியின் அடக்கத்துக்கு சாம் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். ஆனால் எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும், தானும் எல்லாரையும் பார்க்க வேண்டும், போன் திரை சின்னது, லேப்டாப்பில்தான் வருவேன் என்று அடம் பிடித்தான். ஆகவே பெட்டிக்குத் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் லேப்டாப்பை வைத்தார்கள். என் மகன் அந்த நாற்காலியில் இருந்தான். வந்தவர்கள் என் கையைப் பிடித்துவிட்டு, அடுத்து நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கல்லறையில் குழிக்குப் பக்கத்தில் ஜாக்குலின் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். அழ ஆரம்பித்தவளால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. கை இரண்டும் அண்ணனைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு ஜாக்கி, அம்மா மூஞ்சி தெரியல" என்றான் சாம், நாற்காலியிலிருந்து எழுந்து வந்த லேப்டாப்புக்குள் இருந்துகொண்டு.

கல்லறைப் பக்கம் சிக்னல் நன்றாக வரும், நெட் கொடுத்துக்கொண்டிருந்த போன் என் சட்டைப் பையில் இருந்தது. பெட்டியை இறக்கிவிட்டார்கள். முதல் பிடி மண் போடும் நேரம். அப்போது என் பையில் போன் அதிர்ந்தது. படாளத்திலிருந்து மேரியின் சித்தி மகள், பஸ் கிடைக்காமல் தாமதமாகி, கல்லறைக்கு எப்படி வருவது என்று கேட்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை. நெஞ்சின் மேல் போன் அதிர அதிர, எதிரே லேப்டாப்பில் சாமின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனது. பிறகு கறுப்பானது. யாரும் காத்திருக்கவில்லை. மண் விழுந்தது. அவன் தன் அம்மாவின் அடக்கத்தைப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தார்கள். காரணம் எனக்கு மட்டும் தெரிந்தது. பேசும் சிம்மில் அழைப்பு வந்தால் அந்த போனில் நெட் சிம் நின்றுவிடும். புதிதாக வரும் போன்களில் அப்படி இல்லை என்கிறார்கள், என்னுடையதில் அப்படித்தான். அந்த நேரத்தில் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெயிலில் அலைந்துவிட்டு வந்து மோர் குடித்தது போல உள்ளே குளிர்ந்தது. சித்தி மகள் இரண்டாவது முறை கூப்பிட்டாள். அதையும் எடுக்காமல் முழுக்க அடிக்கவிட்டேன்.

கண்டக்டர் வேலையில் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். டிரைவர் பெரியவரா, வண்டிக்குள் யார் இருக்கிறார்கள், எந்த அவசரத்தில் போகிறார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. ஒரே ஒரு விசில். அந்த வசதி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இல்லாமல் போயிருந்தது.

மேரி போன பிறகு ஜாக்குலின் ஜெர்மன் மொழி படிக்க ஆரம்பித்தாள். அங்கே ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் ஆள் போதவில்லையாம். சென்னையில் ஒரு ஏஜென்சி, மொழி கற்றுக்கொடுத்து நேர்காணலுக்கு ஏற்பாடு செய்து அனுப்பிவைக்கும். டூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்துவிடுவாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். அவள் வாயைக் கோணிக்கொண்டு அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வரும். வகுப்புகளை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. படிப்பு நல்ல விஷயம். மொழித் தேர்வு சென்னையில் நடந்தது, நேரில் போய் எழுதினாள். அங்கே என் பெயரைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. பாஸ் செய்துவிட்டாள்.

அன்றைக்குத் திருப்போரூரில் இறங்கி அல்வா வாங்கிக்கொண்டு வந்து என் வாயில் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"உன்ன வுட்டுட்டுப் போய்டுவனா நைனா? ரெண்டே வருசம். அப்பறம் உன்ன கூட்டிக்கிறேன்."

அல்வாவை மென்று விழுங்கினேன். இந்த வாக்கியம் எனக்கு ஏற்கெனவே தெரியும். இது எங்கே போய் முடியும் என்றும் தெரியும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் முடியும்.

முதல் நேர்காணல் ஜெர்மனியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு. ஏஜென்சியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், போனில் பேசக் கூடாது, லேப்டாப்தான், மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டும், பின்னால் சத்தம் கூடாது. அங்கே காலை என்றால் இங்கே உச்சி வெயில். ஜாக்குலின் வெள்ளை குர்தா போட்டுக்கொண்டு, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மேலே குடையோடு உட்கார்ந்தேன். அவள் அறையின் வென்டிலேட்டர் வழியாகக் குரல் கேட்கும். என்ன சொல்கிறாள் என்று புரியாது, ஆனால் குரல் தடுமாறாமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மேரி என்ற பெயர் காதில் விழுந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்டதைச் சொல்கிறாள் போலிருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரியிடம், வேலை கிடைப்பதற்காக, மேரியை எடுத்து வைக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

என்னிடம் ஒரு பழைய பட்டன் போன் உண்டு, அதற்குத் தனி நம்பர். வேட்டி மடிப்பில்தான் எப்போதும் இருக்கும். எடுத்து என் நம்பரை அமுக்கினேன். டேங்க் மேல் டப்பாவுக்குள் போன் அதிர்ந்தது. கீழே குரல் பாதி வார்த்தையில் நின்றது. "ஹலோ? ஹலோ?" என்றாள். பிறகு அவள் எழுந்து நிற்கும் சத்தம். நான் அழைப்பை நிறுத்தினேன். மறுபடி இணைப்பு வந்து அவள் பேச ஆரம்பித்ததும் மறுபடி அமுக்கினேன். பிறகு நேரம் முடிந்துவிட்டது என்றார்களாம். இவ்வளவுதான் நான் செய்தது. எதையும் உடைக்கவில்லை, யாரையும் கை நீட்டி அடிக்கவில்லை. போனை இறக்கும்போது அதில் விழுந்திருந்த தவறிய அழைப்புகளை மட்டும் அழித்துவிட்டேன்.

அவள் மாடிக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா நைனா இப்டி ஆய்டுச்சி? நல்லாத்தான போய்கினு இருந்துச்சி."

"வுடும்மா. காத்து அடிக்குது, டவர் ஆடியிருக்கும்" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். என் மடியில் சாய்ந்துகொண்டாள். மேரி போன பிறகு அவள் அப்படிச் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. நேர்காணல் நல்லபடியாக முடிந்திருந்தால் அவள் மாடிக்கு வந்திருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? கீழேயே லேப்டாப்பில் யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

அடுத்தது ஜெயக்குமார் விஷயம். அவளோடு மொழி படித்த பையன், அச்சரப்பாக்கம் பக்கம், அவனும் நர்ஸ். அவனுக்கு முதலிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் லேப்டாப்பில் அவனோடு பேசுவாள். அதற்கும் நான்தான் குடை பிடித்தேன். ஒருநாள் அவனுடைய அம்மா ஊரிலிருந்து பேசப் போகிறாள், பெண்ணை முறையாகப் பார்க்கப் போகிறாள் என்றாள். புடவை கட்டிக்கொண்டாள். மேரியின் கம்மலைப் போட்டுக்கொண்டாள். அந்த அம்மாள் கேள்வி கேட்கும்போதெல்லாம் நான் பட்டன் போனை அமுக்கினேன். ஜாக்குலின் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது படம் போய்விடும். மூன்றாவது தடவை போனதும், பேச இஷ்டமில்லாத பெண் என்று அந்த அம்மாள் முடிவு செய்துவிட்டாள். ஜெயக்குமார் சண்டை போட்டான், இவளும் போட்டாள். அந்தச் சண்டைகளிலும் சில வார்த்தைகள் போய்ச் சேரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். உண்மையாக ஆசைப்பட்டவன் என்றால் நேரில் வந்து கேட்டிருப்பான், இல்லையா? வரவில்லை. அதிலிருந்தே தெரிகிறது அவன் எப்படிப்பட்டவன் என்று.

மறு நேர்காணல் வேறொரு ஆஸ்பத்திரியோடு. இந்தத் தடவை நான் ஆரம்பத்திலேயே அமுக்கிவிட்டேன். இழுத்துக்கொண்டே போய் நடுவில் நிறுத்தினால் அவளுக்குத்தான் கஷ்டம். அன்றைக்கு அவள் மாடிக்கு வரவில்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது மூடிய லேப்டாப் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ராசியில்ல நைனா. நான் தொட்டது எதுவும் வெளங்காது."

"அப்டிலாம் சொல்லாத" என்றேன். சோறு போட்டு எடுத்துவந்து கொடுத்தேன். சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். டூட்டிக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். சுகமளிக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போய் முட்டி போட்டு, தன் மேல் என்ன சாபம் இருக்கிறது என்று கேட்டு அழுதாளாம், ஜோதிலட்சுமி சொன்னாள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தூக்கம் வரவில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாள். காலையில் எழுப்பினால்தான் எழுந்திருக்கிறாள். நான்தான் காபி போட்டு எழுப்புகிறேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இருந்தாள். நான் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தாள்.

இடையில் கேபிள் போடுகிற ஆள் ஒருவன் வந்தான். சாலை வரைக்கும் இணைப்பு வந்துவிட்டது, தோப்பு தாண்டி உங்கள் வீட்டுக்கும் இழுத்துத் தருகிறேன் என்றான். ஜாக்குலின் டூட்டியில் இருந்தாள். எங்களுக்கு வேண்டாம், போனிலேயே நன்றாக வருகிறது என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது வாய்ப்பு வராது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஏஜென்சியில் ரிஃபானா என்று ஒரு பெண் இருக்கிறாள், விடாக்கண்டி. உங்கள் மொழி மார்க்குக்கு உங்களை விட மனசில்லை, இன்னொரு ஆஸ்பத்திரி கேட்கிறது, இதுதான் கடைசி, வீட்டில் வேண்டாம், சென்னைக்கு எங்கள் ஆபீசுக்கே வந்து பேசுங்கள் என்றாளாம். ஜாக்குலின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

சென்னையில் என் பெயர் செல்லாது என்று சொன்னேன் அல்லவா. எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, தினமும் மாத்திரை. அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அன்றிலிருந்து மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போய், டேங்க் பின்னால் இருக்கும் இடுக்கில் துப்பினேன். சில நாளில் தலை பாரமானது, கண் இருட்டியது. ஒருநாள் காலை படியில் விழுந்தேன். நெற்றியில் தையல். நடிப்பு இல்லை, உண்மையாகவே விழுந்தேன். ஜாக்குலின் ரத்தக் கொதிப்புப் பார்க்கும் கருவியைக் கட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திர போட்டும் இவ்ளோ ஏறுதே" என்று அழுதாள். சென்னைக்குப் போவதில்லை என்று அவளே சொன்னாள். நான் போகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

வீட்டிலிருந்தே பேசிக்கொள்கிறேன் என்று ரிஃபானாவிடம் அவள் கெஞ்சி ஒப்புக்கொள்ளவைத்தாள். அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. எந்த போன், எத்தனை சிம், எப்படிக் கட்டாகிறது என்று தோண்டித் துருவியிருக்கிறாள். நேற்று ஜாக்குலின் சாமான் தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்தாள்.

"நைனா, டவர் இல்லையாம். கால் வந்தா அந்த போன்ல நெட் நின்னுடுமாம். அதான் ஒவ்வொரு வாட்டியும் ஆய்கீது. நம்ம ராசி கீசி ஒண்ணும் இல்ல."

"அப்டியா" என்றேன்.

"பேசற சிம்ம ஆஃப் பண்ணிட்டா சரியா பூடுமாம்" என்றாள். போனைக் கையில் எடுத்தவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழைப்புகளை நான் அழித்திருந்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பிறகு என் நெற்றித் தையலைப் பார்த்தாள். சரி, பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, என் பட்டன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் சார்ஜ் போட்டாள்.

இன்று காலை மாடியை அவளே கூட்டினாள். வழக்கமாக நான் செய்கிற வேலை. நாற்காலியை நிழலில் போட்டாள். டேங்க் பின்னால் இருக்கும் இடுக்கு வரை துடைப்பம் போயிருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. மாத்திரைகள் போன மழையிலேயே கரைந்திருக்கும். எனக்குச் சாப்பாடு போட்டு, மாத்திரையை அவள் கையாலேயே வாயில் வைத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. நான் விழுங்கிவிட்டேன். கொதிப்புப் பார்த்தாள், சரியாக இருந்தது. பிறகு டப்பாவுக்கு ஈரத்துணி சுற்றி, போனை டேங்க் மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள்.

"நைனா, பேசற சிம்ம நான் ஆஃப் பண்ணல. நீ மேல தனியா குந்தியிருக்க, மயக்கம் கியக்கம் வந்தா எப்டிக் கூப்டுவ? கீழ என் போன்ல டவர் கெடையாது. அதனால மத்த நம்பர் எல்லாத்தையும் ப்ளாக் பண்ணிட்டேன். உன் பட்டன் போன் நம்பர் ஒண்ணுதான் உள்ள வரும்."

நான் தலையாட்டினேன்.

"தல சுத்துச்சின்னா அதுல இருந்து ஒரு கால் குடு. நெட் நின்னுடும். நின்னுச்சின்னா நீ கூப்புட்றன்னு அர்த்தம். வேலையும் வேணா ஒண்ணும் வேணான்னு போட்டுட்டு மேல ஓடியாந்துடுவேன். கூப்டலன்னா நான் பாட்டுக்குப் பேசி முடிச்சிடுவேன். சரியா?"

சரி என்றேன். பட்டன் போனை என் சட்டைப் பையில் வைத்து, மேலே தட்டிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் பட்டன் போனிலும் கூப்பிட்ட நம்பர்கள் வரிசையாக இருக்கும் என்பது ஞாபகம் வந்தது. அதை நான் ஒருநாளும் அழித்ததில்லை. அவள் பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருந்தால் சார்ஜ் போட்டு என் கையில் கொடுத்திருப்பாளா? எந்த மகளும் அப்படிச் செய்ய மாட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், இன்றைக்கு அமுக்க வேண்டாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை போகட்டும். முடி உதிர்ந்து, மாத்திரை போட்டுத் தூங்குகிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன். இரண்டு வருடம்தானே. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இதுவரை நான் சொன்னதிலிருந்தே உங்களுக்கு அது புரிந்திருக்கும்.

கீழே ஆரம்பித்துவிட்டாள். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது, இப்போது நடுக்கம் நின்றுவிட்டது. யாரோ ஒரு ஆண் கேள்வி கேட்கிறான், இவள் டக் டக்கென்று பதில் சொல்கிறாள். குடை நிழல் டப்பா மேல் சரியாக விழுகிறது. துணி இன்னும் காயவில்லை. தோப்பில் காற்றுகூட இல்லை. மூன்று கோடும் அசையாமல் நிற்கிறது. அந்த ஆள் ஏதோ சொல்கிறான். ஜாக்குலின் சிரிக்கிறாள். வாய்விட்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் சிரிப்பு, கேட்டாலே தெரிகிறது. மேரி இருந்தபோது சிரித்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்னிடம் ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை.

மாத்திரை போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. கொதிப்பும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெயில் அப்படி, என் வயது அப்படி. அவளே சொல்லியிருக்கிறாள், மயக்கம் வந்தால் கூப்பிட வேண்டும் என்று. பட்டன் போன் எப்போது கையில் வந்தது என்று தெரியவில்லை. எனக்கு லேசாகத் தலை சுற்றுகிறது.